குப்பையில் எடுத்த பெண்

பெற்ற பெண்ணின் கல்யாணத்தில் நீ அடுப்படியை விட்டு வெளியே வராதே என்று ஒருத்தியிடம் சொல்ல எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்? தர்மினுக்கு நெஞ்சழுத்தமெல்லாம் கிடையாது. அவன் யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுகிறவன். அதனால்தான் பெண்டாட்டி முகத்தைப் பார்க்காமல், அடுப்பில் வெந்துகொண்டிருந்த சோயாப் பயறைப் பார்த்துச் சொன்னான்.

"ரெஸோ தாத்தா நாள் பார்த்துச் சொல்லிட்டாரு. நாற்காலியில யெக்தி அக்காதான் உக்காரணுமாம்."

"எந்த நாற்காலியில?" என்று வாகிரா கேட்டாள். அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை.

"என் பக்கத்து நாற்காலியில."

கல்யாணத்துக்கு இன்னும் மூன்றே நாள் இருந்தது. வாசலில் பந்தல் போட்டாகிவிட்டது. பெண்ணும் மாப்பிள்ளையும் வந்து மண்டியிட்டு, பெற்றவர்கள் முழங்காலில் தலைவைத்து ஆசி கேட்பார்களே, அதற்கான இரண்டு நாற்காலிகளும் வாடகைக்கு வந்து மூலையில் நின்றன. வாகிரா போன வாரமே அதில் ஒன்றைத் துடைத்து, உட்கார்ந்து பார்த்து, யாராவது கவனித்தார்களா என்று வெட்கத்தோடு எழுந்திருந்தாள். தெம்பே செய்து விற்கிறவளுக்கு நாற்காலியில் உட்கார எப்போது நேரம் கிடைத்தது? பயறை ஊறவை, வேகவை, தோலை நீக்கு, இலையில் பொதிந்து புளிக்கவை, சந்தைக்குச் சுமந்து போ. இப்படியே பெண்ணை நர்ஸ் படிக்கவைத்து, இதோ, ஒரு நாற்காலி.

"அப்ப கல்யாணத்துக்கு முதல் நாள் தவெத் விக்கிறது?"

"அதுவும் அவங்கதான்."

பெண்ணுக்கு மங்கல நீராட்டு முடிந்ததும் பெண்ணின் தாய் உட்கார்ந்து தவெத் விற்கவேண்டும். தேங்காய்ப்பாலும் வெல்லப்பாகும் பச்சை மாவு இழைகளும் மிதக்கும் அந்தப் பானத்தை விருந்தாளிகள் மண் சில்லு கொடுத்து வாங்குவார்கள். பெண்ணின் தகப்பன் மனைவிக்குக் குடை பிடித்துக்கொண்டு நிற்பான். அந்த ஊரில் ஒரு பெண்பிள்ளைக்குப் புருஷன் நாலுபேர் பார்க்கக் குடை பிடிக்கிற ஒரே நாள் அது.

"அப்ப நீ குடை பிடிக்கப் போறது யாருக்கு?"

தர்மின் மறுபடி சோயாப் பயறைப் பார்த்தான். காது நுனி மட்டும் சிவந்தது.

வாகிரா கையிலிருந்த அகப்பையால் மண்பானையை ஓங்கி ஒரு போடு போட்டாள். பயறும் கொதிநீரும் அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் ஓடின. தர்மின் துள்ளி வெளியே ஓடினான். ஓடத்தான் அவனுக்குத் தெரியும்.

எல்லாம் ஒரு சாயங்காலத்தால் வந்த வினை. அந்த ஊரில் ஒருவர் பிறந்தது வாரத்தின் ஏழு நாளில் எந்த நாள், சந்தையின் ஐந்து நாளில் எந்த நாள் என்று இரண்டையும் சேர்த்துத்தான் கணக்கு. அதுதான் அவர் வெத்தோன். வாகிரா பிறந்தது வியாழக்கிழமையும் வாகே சந்தை நாளும் கூடிய நாளில்; பேரே அதிலிருந்து வந்ததுதான். அவளுக்குப் பிரசவ வலி எடுத்தது ஒரு புதன்கிழமை காலை. புதன்கிழமை முடிவதற்குள் பெற்றுவிட்டால் ஒரு தொல்லையுமில்லை. ஆனால் பொழுது சாய்ந்தால் நாள் மாறிவிடும் என்பது அங்கே சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

சூரியன் இறங்க இறங்க மருத்துவச்சியும் மற்ற பொம்பளைகளும் சுற்றி நின்று, பாங்கு சொல்வதற்குள் தள்ளு, தள்ளு என்று அவளைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமில்லை. பெறுகிற வேதனை போதாதென்று இது வேறு. பள்ளிவாசலில் மக்ரிப் பாங்கின் முதல் சொல்லை இழுத்துச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே குழந்தை வந்து விழுந்தது. வியாழன், வாகே. தாய்க்கும் மகளுக்கும் ஒரே வெத்தோன்.

ஒரே வெத்தோன்காரர்கள் தாயும் பிள்ளையுமாய் ஒரு கூரையின்கீழ் இருந்தால் ஒன்று மற்றதை விழுங்கும் என்பது நம்பிக்கை. பரிகாரமும் உண்டு. குழந்தையைக் குப்பையோடு குப்பையாக முறத்தில் வைத்து வெளியே கொட்டிவிட வேண்டும். வேறொருத்தி வந்து, அட, ஒரு குழந்தை கிடக்கிறதே என்று எடுக்கவேண்டும். அப்புறம் பெற்றவள் அவளிடம் ஒரு காசு கொடுத்து விலைக்கு வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்கிய குழந்தை ஊரார் பிள்ளையாகிவிடும், பீடை போய்விடும்.

வாகிராவுக்கு இதிலெல்லாம் அரை நம்பிக்கைதான். ஆனாலும் குழந்தையின் உயிர் என்று வரும்போது யாருக்கு விஷப்பரீட்சை செய்யத் தைரியம் வரும்? பிரசவித்த பச்சை உடம்போடு பாயில் கிடந்து, ஊருக்கு நாள் கணிக்கிற ரெஸோ தாத்தா சொன்னபடி தன் குழந்தையைத் துடைப்பத்தால் ஒதுக்கி முறத்தில் ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை குப்பைமேட்டில் கிடந்து கத்தியது. மாரில் பால் கட்டிக்கொண்டு வலித்தது. அந்த நேரம் அவளுக்கு ரெஸோ தாத்தாவின் தாடியைப் பிடித்து உலுக்கவேண்டும் போலிருந்தது. உலுக்கியிருக்கலாம், தப்பில்லை.

எடுக்க வந்தவள்தான் யெக்தி. தர்மினுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் பெண்டாட்டி, அரிசி ஆலைக்காரி. குழந்தையைக் கொண்டுவந்து வாகிராவின் கையில் போட்டாள். காசு கொடுத்தபோது, "ஐய, கைக்குழந்தையைக் காசுக்கு விக்கவா? அப்புறம் பாத்துக்கலாம்" என்று கையை உதறினாள். அப்புறமும் இரண்டு தடவை தர்மின் கொண்டுபோனான். இரண்டு தடவையும் சிரித்து அனுப்பிவிட்டாள். என்ன பெரிய மனசு என்று நினைத்து வாகிரா வருஷம் தவறாமல் பெருநாளுக்கு அந்த வீட்டுக்கு நல்ல தெம்பேயாகப் பொறுக்கி அனுப்பினாள். ஏமாளி.

அந்தக் குழந்தை நிங்ருமுக்கு அம்மை போட்டபோது யெக்தி எட்டிப் பார்க்கவில்லை. படிப்புக்காகத் தோட்டத்துத் தேக்கு மரங்களை வாகிரா வெட்டி விற்றபோது அந்த மரத்தை வாங்கி ஆலைக்குக் கதவு போட்டுக்கொண்டவள் யெக்திதான். ஆனால் சோலோ பட்டணத்து ஆஸ்பத்திரியில் வேலைபார்த்த நிங்ருமைப் பெண்கேட்டு போயோலாலியிலிருந்து வட்டார அதிகாரியின் குடும்பம் காரில் வந்து இறங்கியதோ இல்லையோ, அன்றிலிருந்து அவள் வாயில் "என் பொண்ணு, என் பொண்ணு"தான். யெக்திக்கு இரண்டும் பையன்கள். பையனைப் பெற்றவளுக்குத் தவெத் விற்கிற நாளும் இல்லை, குடையும் இல்லை. அந்த ஆசை ஒரு பொம்பளைக்கு இருக்கலாம், குற்றமில்லை. அதற்கு அடுத்தவள் வயிற்றிலா கைவைப்பது?

உடைந்த பானையை அப்படியே போட்டுவிட்டு வாகிரா ஆலைக்காரி வீட்டுக்கு நடந்தாள். அங்கே முன்கூடத்தில் யெக்தி புதுப் பச்சை ரவிக்கையைப் போட்டுக் கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்தாள். ரெஸோ தாத்தாவும் இருந்தார், கையில் காப்பியோடு. எங்கே காப்பி கிடைக்கிறதோ அங்கேதான் அவருக்கு நாள் பார்க்க வரும்.

வாகிரா ஒரு காசை யெக்தி முன்னால் வைத்தாள். "அக்கா, அன்னிக்கு வாங்கலை. இப்ப வாங்கிக்கங்க."

யெக்தி காசைப் பார்க்கக்கூட இல்லை. "இருபத்துமூணு வருஷம் தூங்கிட்டு இப்ப முழிச்சுக்கிட்டியா?"

"மூணு தடவை குடுத்தேன். நீங்கதான் வேணாம்னீங்க."

"வேணாம்னேன். இப்பவும் வேணாம்ங்கறேன். விக்கறவ இஷ்டப்பட்டாத்தானே வியாபாரம்? நான் விக்கலை. தாத்தா, நீங்களே சொல்லுங்க."

ரெஸோ தாத்தா தொண்டையைச் செருமினார். "வாஸ்தவம்தான் வாகிரா. விக்கறவ தன் கையை நீட்டி விலையை வாங்கணும். அப்பத்தான் அது விலை. வாங்காதவரைக்கும் குழந்தை எடுத்தவளோடது. அதை மீறி அந்தப் பொண்ணு உன் முழங்கால்ல தலையை வச்சா, அன்னிக்கு வெளிய கொட்டின பீடை திரும்ப வீட்டுக்குள்ள வரும். புதுசா குடித்தனம் போற பொண்ணு, யோசிச்சுக்க."

"இத்தனை வருஷம் அவ தலைக்கு எண்ணெய் தேய்ச்சது நான். அப்பெல்லாம் பீடை எங்க போயிருந்துச்சு தாத்தா?"

"அது வேற, இது சடங்கு."

"மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லியாச்சு," என்றாள் யெக்தி, ரவிக்கையின் கையை இழுத்துவிட்டபடி. "எடுத்த அம்மாதான் நாற்காலியில உக்காருவான்னு அவங்களும் சரின்னுட்டாங்க. மாப்பிள்ளையோட அம்மா நாள் பொருத்தம் மூணு இடத்துல பாத்தவங்க, தெரியுமில்ல? நீ சண்டை போட்டு நாற்காலியில ஏறி உக்காந்தா, அவங்க கார் வந்த வழியே திரும்பிப் போயிடும். உனக்கு நாற்காலி வேணுமா, பொண்ணுக்குக் கல்யாணம் வேணுமா?"

வாகிராவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. பதில் சொன்னால் நாக்கு எங்கே போய் நிற்கும் என்று அவளுக்கே தெரியாது. காசை எடுத்து மடியில் முடிந்துகொண்டு திரும்பிவிட்டாள்.

மறுநாள் நிங்ரும் சோலோவிலிருந்து வந்து இறங்கியதும் விஷயம் தெரிந்து குதித்தாள். அவளுக்கும் தாயின் கோபம்தான். வெத்தோன் ஒன்றல்லவா, அதில் மட்டும் கணக்குப் பொய்யில்லை.

"அந்தம்மா முழங்கால்ல நான் தலை வைக்கமாட்டேன். கல்யாணம் நின்னா நிக்கட்டும்."

"நிக்கட்டும்னு வாயால சொல்லிடலாம். நீ ஊருக்கு வரும்போதெல்லாம் அந்தப் பையன்கூட ராத்திரியில போன்ல சிரிக்கறது எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா?"

"அப்ப நீ என்ன பண்ணப் போற? அடுப்படியில நின்னு எட்டிப் பாப்பியா?"

"பாப்பேன். போ, போய்ச் சாப்பிடு."

சொல்லிவிட்டாளே தவிர வாகிராவுக்கு ஆறவில்லை. முறத்தில் வைத்துக் கொட்டச் சொன்னார்கள், பிள்ளை பிழைக்கட்டும் என்று பொறுத்துக்கொண்டாள். இப்போது கல்யாணம் நடக்கட்டும் என்று பொறுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். பொறுக்கிறதற்கென்றே ஒருத்தியை நேர்ந்துவிட்டிருக்கிறார்களா என்ன? அணைந்த அடுப்பைச் சுற்றிக் கிடந்த பானை ஓடுகளையெல்லாம் கூட்டி அள்ளப் போனாள். அள்ளியவள் ஒரு சில்லைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் குந்தியபடியே இருந்தாள். பிறகு அதைக் கழுவி, அந்தக் காசை அவிழ்த்துப் போட்டுவிட்டு, அதே முடிச்சில் சில்லை முடிந்துகொண்டாள்.

நீராட்டு நாள் வந்தது. நிங்ருமை மல்லிகைச் சரத்தால் போர்த்தி முற்றத்தில் உட்காரவைத்துப் பூ மிதக்கும் தண்ணீரைப் பெரியவர்கள் ஒவ்வொருவராக ஊற்றினார்கள். முதல் தண்ணீர் யெக்தி ஊற்றினாள். வீடியோக்காரன் அவளை இரண்டு தடவை ஊற்றச்சொல்லி எடுத்தான். வாகிரா அடுப்படி வாசலில் நின்று பார்த்தாள். கரித்துணியைக் கையில் வைத்து அப்படி முறுக்கினாள், யாருடைய கழுத்தோ என்னவோ.

நீராட்டு முடிந்து தவெத் கடை விரித்தார்கள். இரண்டு மண்குடம், வரிசையாகக் கிண்ணம், நடுவில் முக்காலி. யெக்தி பச்சை ரவிக்கையும் சரிகைத் துணியுமாக வந்து உட்கார்ந்து மடியில் சுருக்குப்பையை விரித்துக்கொண்டாள். பின்னால் தர்மின் குடையோடு நின்றான். வேறு ஒருத்திக்குக் குடை பிடிக்கிறோமே என்ற கூச்சம் இருந்ததோ என்னவோ, தலையைத் தொங்கப்போட்டிருந்தான். குடையை மட்டும் கீழே வைக்கவில்லை.

ரெஸோ தாத்தா ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார். "இன்னிக்கு இந்தக் கடையில மண்ணுதான் காசு. யார் சில்லு நீட்டினாலும் விக்கறவ வேணாம்னு சொல்லக்கூடாது. ஒரு சில்லைத் திருப்பி அனுப்பினாலும் பொண்ணுக்கு வர்ற அதிர்ஷ்டம் வாசலோட திரும்பிடும். ஞாபகம் இருக்கட்டும்."

"எனக்குத் தெரியாதா தாத்தா?" என்றாள் யெக்தி.

முதலில் வாங்கியது மாப்பிள்ளையின் பெரியம்மா. நீராட்டில் கலக்க மாப்பிள்ளை வீட்டு முறைத்தண்ணீரைத் தங்கை சார்பாகக் கொண்டுவந்திருந்த அந்தம்மா சில்லைப் போட்டுவிட்டுக் கிண்ணத்தோடு ஓரமாக நின்று குடித்தாள். பின்னாலேயே வரிசை நீண்டது. யெக்தி ஒவ்வொருவர் கையிலிருந்தும் சில்லை வாங்கிப் பையில் போட்டு, "இன்னும் ஒரு கிண்ணம் குடிங்க, என் பொண்ணு கல்யாணமில்ல" என்று உபசரித்தாள்.

வாகிரா கரித்துணியை எறிந்துவிட்டு வந்து வரிசையில் நின்றாள். முன்னால் நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஊருக்கு எல்லாம் தெரியும். ஆனால் வாய் திறக்க ஒருத்தருக்கும் துப்பில்லை, ஒதுங்க மட்டும் தெரிந்தது.

"உனக்கெதுக்கு வரிசை?" என்று யெக்தி சிரித்தபடி கேட்டாள். வீடியோக்காரன் பக்கத்திலேயே நின்றான். "அடுப்படிக்கே குடுத்தனுப்பறேன், போ."

"விலை குடுத்து வாங்கலாம்னு வந்தேன்."

"சரி, எத்தனை கிண்ணம்?"

"தவெத் வேணாம். நிங்ரும் வேணும்."

வாகிரா முடிச்சை அவிழ்த்துச் சில்லை எடுத்து நீட்டினாள். பானையின் கரி இன்னும் அதன் ஒரு ஓரத்தில் இருந்தது.

யெக்தியின் சிரிப்பு அப்படியே நின்றது. "விளையாடாதே. போய் வேலையைப் பாரு."

"விளையாடலை அக்கா. இருபத்துமூணு வருஷத்துக்கு முன்னால குப்பையில எடுத்தீங்களே, அந்தக் குழந்தைக்கு இது விலை. காசா குடுத்தேன், வாங்கலை. இன்னிக்கு மண்ணுதான் காசாம். அதான் மண்ணாவே கொண்டாந்தேன்."

"இது சும்மா சடங்கு. சில்லுக்கு யாராச்சும் பொண்ணை வாங்குவாங்களா?"

"அதுவும் சடங்குதான். சடங்குக்குக் கொட்டின குழந்தையை நிஜமாவே உங்களதுன்னு வச்சுக்கிட்டீங்க. இப்ப நான் குடுக்கற சில்லு மட்டும் விளையாட்டாயிடுச்சா?"

 ஈரத்துணியோடு நிங்ரும் அறை வாசலில் வந்து நின்றாள். யெக்தி ரெஸோ தாத்தாவைப் பார்த்தாள்.

"தாத்தா, இவகிட்ட சொல்லுங்க. இதெல்லாம் செல்லாதுன்னு."

ரெஸோ தாத்தா வாயில் இருந்த தவெத்தை முழுங்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். செல்லாது என்றால் அவர் இத்தனை நேரம் ஊருக்கே கேட்கச் சொன்னதும் செல்லாது. "கையை நீட்டி வாங்கினா வியாபாரம்," என்றார் கடைசியில். "வாங்கலைன்னா..." மீதியைச் சொல்லாமல் கிண்ணத்துக்குள் பார்த்தார்.

மீதியைச் சொன்னது மாப்பிள்ளையின் பெரியம்மா. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அவசரமாக முன்னால் வந்தாள். "திருப்பி அனுப்பிடாதீங்கம்மா. உங்க ரெண்டு பேருக்குள்ள என்னவோ எனக்குத் தெரியாது. அதிர்ஷ்டம் வாசலோட போயிடும்ங்கறாரு, அப்புறம் அது எங்க பையன் தலையிலதான் விடியும். வாங்கிக்கங்க."

"இல்ல, இவ வேணும்னே..."

"வேணும்னு இருக்கட்டும், வேணாம்னு இருக்கட்டும். சில்லை வாங்குங்க. இல்லைன்னா நான் இப்பவே என் தங்கச்சிக்குப் போன் பண்ணணும்."

வாகிராவின் கை நீட்டியபடியே இருந்தது.  எதிரில் உட்கார்ந்திருந்தவளை நேருக்குநேர் பார்த்தாள். நாற்காலி வேணுமா, கல்யாணம் வேணுமா என்று கேட்டாயே, இப்போது நீ சொல், பார்ப்போம் என்று அந்தப் பார்வை கேட்டது. என் பொண்ணு, என் பொண்ணு என்கிறாயே, அவள் அதிர்ஷ்டத்தைத் திருப்பி அனுப்பிவிட்டு முக்காலியில் உட்கார்ந்திருப்பாயா?

யெக்தி கையை நீட்டினாள். சில்லை வாகிராதான் அவள் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள்.

"எல்லாரும் பாத்துக்குங்க," என்றாள் வாகிரா. சத்தமாகச் சொல்லவில்லை, ஆனால் எல்லோருக்கும் கேட்டது. "வாங்கிட்டாங்க. நான் பெத்ததை நானே விலை குடுத்து வாங்கியிருக்கேன். தாத்தா, இப்ப பீடை போச்சா, இன்னும் ஏதாச்சும் மிச்சமிருக்கா?"

"போச்சு, போச்சு," என்றார் ரெஸோ தாத்தா. "வாங்கின பிள்ளைக்கு வாங்கினவதான் அம்மா. நாளைக்கு நாற்காலியிலயும் நீதான்."

"நீங்க சொல்லித்தான் நான் அம்மாவா," என்றாள் வாகிரா. அவர் மறுபடி கிண்ணத்துக்குள் பார்த்தார்.

யெக்தி சுருக்குப்பையை அங்கேயே போட்டுவிட்டு எழுந்தாள். வாகிரா இடுப்பில் சுற்றியிருந்த பழைய துணியின் கரியைக்கூடத் தட்டாமல் முக்காலியில் உட்கார்ந்து, சுருக்குப்பையை மடியில் விரித்து, அகப்பையைக் கையில் எடுத்தாள். அறை வாசலில் நிங்ரும் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள், சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் திடீரென்று தவெத் தாகம் எடுத்தமாதிரி நெருக்கியடித்தார்கள். அதுவரை திறக்காத வாய்களெல்லாம் "இவதானே பெத்தவ" என்று இப்போது பேசின.

வாகிரா முதல் கிண்ணத்தை நிரப்பி, போகத் திரும்பிய யெக்தியிடம் நீட்டினாள். "குடிச்சுட்டுப் போங்கக்கா."

யெக்தி தயங்கினாள். கிண்ணத்தை வாங்காமல் போனாலும் மானம் போகும். வாங்கினால் விலை கொடுக்கவேண்டும். சுருக்குப்பையோ இப்போது வாகிராவின் மடியில். கையில் இருந்தது அந்த ஒரு சில்லுதான். அதை மெதுவாக நீட்டினாள்.

வாகிரா அவள் விரல்களைச் சில்லோடு சேர்த்து மூடிவிட்டாள்.

"உங்களுக்குச் சும்மா. அதைத் திருப்பிக் குடுக்காதீங்க, தொலைச்சுடாதீங்க. எனக்கு இருபத்துமூணு வருஷமாச்சு அதை உங்க கையில குடுக்க."

பிறகு திரும்பிப் பார்க்காமலே தர்மினிடம் சொன்னாள்.

"குடையை நேராப் பிடி. வெயில் அடிக்குது."